மாநகரும் மழையும் வாழ்வின் நிறையும்

(கிளிநொச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டம் பெற்ற பிள்ளை இருக்கும் வன்னி வீடுகளிலெல்லாம் இக்காலத்தில் இராச்சாப்பாட்டுக்குப் பின் ஒரு விவாதம் நடக்கிறது. அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலோ, வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கணினிக் கல்வி முடித்து வந்த மகனுக்கோ மகளுக்கோ, கொழும்பில் மென்பொருள் கொம்பனி ஒன்று உத்தியோகம் தருவதாக அறிவித்திருக்கிறது. சம்பளமோ தகப்பனார் தம் ஆயுளில் ஒருசேரக் கண்டிராத தொகை, தாயாரோ, “அங்கை ஆர் எங்களுக்கு இருக்கினம்?” என்ற ஒரே கேள்வியை அடுக்களை வாசலில் நின்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். சம்பளத்தைச் சொல்பவர் சம்பளத்தோடு நின்றுவிடுகிறார். அச்சத்தைச் சொல்பவர் அச்சத்தோடு நின்றுவிடுகிறார். அந்த மாநகரத்திலே ஒரு மனித ஜீவன் காலை விழித்தது முதல் இரவு கண் மூடும் வரை எவ்விதமாக வாழ்கிறது என்ற கேள்வி மட்டும் எவராலும் எடுக்கப்படாமல் நடுவிலே கிடக்கிறது. அதைச் சற்று விஸ்தாரமாக விசாரிப்பதற்கே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நகரங்களின் வாழ்வுத் தரத்தை அளந்து, முதலாவது இது, கடைசி அது என்று வரிசைப்படுத்தும் பட்டியல்கள் மேல்நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் வருகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஒன்று ஸ்திரத்தன்மை, வைத்தியம், கலாசாரமும் சுற்றாடலும், கல்வி, உட்கட்டமைப்பு என்று ஐந்து தலைப்புகளின்கீழ் நகரங்களுக்குப் புள்ளி இடுகிறது. இவற்றில் குற்றம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இத்தகைய அளவைகள் பெரும்பாலும் எதற்காகப் பயன்படுகின்றன என்று பார்த்தால், பெரிய கொம்பனிகள் தம் அதிகாரிகளைப் பிறநாட்டு நகரங்களுக்கு அனுப்பும்போது அங்கே படும் அசௌகரியத்துக்கு ஈடாக எவ்வளவு மேலதிகப் படி கொடுக்கலாம் என்று கணக்கிடுவதற்கேயாம். வாடகையைக் கொம்பனி கட்ட, வாகனத்தைச் சாரதி ஓட்ட, மூன்று வருஷம் இருந்து போகிறவனுக்காகச் செய்யப்பட்ட அளவை அது. கண்டாவளையில் அம்மம்மாவை விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் மூன்று பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளப் போகிற பிள்ளைக்கு அந்தத் தராசு பொருந்தாது.

ஆகவே வேறு தராசு ஒன்றை முன்மொழிகிறேன். ஒரு பெருநகரத்தின் வாழ்வை நிறுக்க வேண்டுமானால் கனத்த மழை கொட்டும் நாளொன்றில் அதை நிறுக்க வேண்டும் என்பது என் நெடுங்கால அபிப்பிராயம். வானம் பட்சபாதம் இல்லாமல் பொழிந்துவிட்டுப் போகிறது. வந்த நீரை எங்கே தேக்குவது, எவ்வழியாக அனுப்புவது, போக இடமில்லாதபோது யாருடைய வாசலில் இறக்கி வைப்பது என்பவையெல்லாம் மனிதர் செய்த தீர்மானங்கள். வெயில் நாளில் மறைந்திருக்கும் அந்தத் தீர்மானங்கள் மழை நாளில் பிரத்தியட்சமாகத் தெரிகின்றன.

மழை என்றதும் சிலருக்கு ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் நகரம் நினைவுக்கு வரலாம். மைக்ரோசொப்ற்றும் அமேசனும் அதன் சுற்றுப்புறத்தில் வேரூன்றியமையால் உலகத்துக் கணினிப் பட்டதாரிகளுக்கெல்லாம் அது ஒரு யாத்திரைத் தலம்போல் ஆகிவிட்டது. ஓயாத மழைக்கும் அது பேர் பெற்றது. ஆயினும் அந்நகரத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 950 மில்லிமீற்றர்தான். வரண்ட வலயம் என்று நாமே சொல்லிக்கொள்ளும் நமது வன்னிக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் கிடைக்கிறது, கொழும்புக்கோ 2,400. சியாட்டில் அந்த அற்ப மழையை ஆண்டில் நூற்றைம்பது நாள்களுக்குத் தூறலாக நீட்டிக்கொள்கிறது. நாம் நம்முடையதிற் பெரும்பகுதியை ஐப்பசிக்கும் தைக்கும் இடையே வாங்கிக்கொண்டு மிகுதி மாதங்களில் ஆகாயத்தைப் பார்த்திருக்கிறோம். கொழும்பு சித்திரை, வைகாசியில் ஒரு முறையும், ஐப்பசி, கார்த்திகையில் மறுமுறையுமாக இருமுறை நனைகிறது.

நம்மவர்க்கு மழை என்பது வரவு. மார்கழி மாதத்துக் காலை வேளைகளில் இரணைமடு அணைக்கட்டின்மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் கமக்காரர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். கண்டிருப்பீர்கள் என்ன, உங்களிற் பலர் அவர்களேதான். துருசடியில் நிறுத்தியிருக்கும் அளவுகோலை எட்டிப் பார்த்து, “இருபத்தெட்டு அடி” என்று ஒருவர் சொல்ல, அந்த எண் பகற்சாப்பாட்டுக்கு முன்பாக உருத்திரபுரத்துக்கும் முரசுமோட்டைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் கிடைக்கும், எவருடைய கடன் இவ்வருஷம் அடையும், எந்த வீட்டுக் கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப்போகும் என்பவையெல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்ட அக்குளம் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு உயிர் கொடுக்கிறது என்பது புள்ளிவிபரம்; மழை பெய்தால் வன்னியான் வீட்டை விட்டு வெளியே போகிறான் என்பது வாழ்க்கை.

கொழும்பிலே மழை பெய்தால் எவரும் வெளியே போக விரும்புவதில்லை. ஆயினும் எல்லோரும் வெளியிலேயே அகப்பட்டுக்கொள்கிறார்கள். மாலை ஐந்தரை மணிக்கு அலுவலகம் விட்டு வந்து ஹைலெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தவனுடைய அவஸ்தையை நானும் உத்தியோக நிமித்தம் அங்கே வாழ்ந்த காலத்தில் அனுபவித்திருக்கிறேன். கண்ணாடிகள் எல்லாம் மூடப்பட்டு, ஐம்பது பேருடைய மூச்சால் அவை வெண்மை பூத்திருக்க, பக்கத்திலே நிற்பவருடைய மடக்கிய குடையிலிருந்து வடியும் நீர் சொட்டுச் சொட்டாக நம் சப்பாத்துக்குள் இறங்க, நுகேகொடைச் சந்தியைக் கடப்பதற்குள் ஒரு முழுப் பத்திரிகையைப் படித்துவிடலாம். படிப்பதற்குக் கையைத் தூக்க இடம் இருந்தால். அறைக்கு வந்தாலோ, காலையிற் காயப்போட்ட சேட் இன்னும் ஈரம். அலுமாரியைத் திறந்தால் இடுப்புப்பட்டியில் வெண்பூஞ்சணம். பட்டச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி வைக்கும் வழக்கம் கொழும்பில் வாடகை அறைகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளிடம் உண்டு. இவை சில்லறைச் சிரமங்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் ஒரு மனிதனுடைய நாளில் மூன்று மணி நேரத்தை வீதி தின்றுவிடுமானால், அவனுடைய சம்பளத்தை எட்டு மணி நேரத்தால் வகுக்கக்கூடாது, பதினொரு மணி நேரத்தால் வகுக்க வேண்டும் என்ற கணக்கையாவது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

இனி, பெரிய சிரமத்துக்கு வருகிறேன். கொழும்பு களனி கங்கையின் கழிமுகத்தருகே, சதுப்புகளுக்கும் கால்வாய்களுக்கும் நடுவே எழுந்த நகரம். போர்த்துக்கேயர் கோட்டைக்குக் காவலாக நீரைத் தேக்கிய இடமே இன்றைய பேரை வாவி; ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கால்வாய்களை வெட்டினார்கள். கொலொன்னாவை, தலவத்துகொட, பெத்தகான, அப்பால் முத்துராஜவெல என்று நீண்டு கிடந்த சதுப்பு நிலங்களே அந்நகரத்தின் உண்மையான குளங்கள். மழை நீர் வந்து சில நாள் தங்கி, கங்கை இடம் கொடுக்கும்போது மெல்ல இறங்கிப் போகும். நிலத்தின் விலை ஏற ஏற அச்சதுப்புகளில் ஒரு பகுதி மண்ணாலும் ஒரு பகுதி குப்பையாலும் நிரப்பப்பட்டது. 1992ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் கொழும்பில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை ஒரே நாளிற் கொட்டியது; நமக்கு ஓராண்டில் வருவதில் ஐந்தில் இரண்டு பங்கு அது. அதன் பின்னரும் படிப்பினை முற்றாகவில்லை. 2010 நவம்பரில், ஜெஃப்ரி பாவா என்ற மகா சிற்பி தியவன்னா வாவியின் நடுவே தாமரைபோல் அமைத்த நாடாளுமன்றத்தின் வளாகத்திற்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. நாடாளுமன்றம் நனைந்த பின்னர்தான் காரியம் வேகமாயிற்று என்று சொன்னால் அது பரிகாசமாகத் தோன்றலாம். ஆயினும் உலக வங்கியின் கடனுதவியோடு கால்வாய்களையும் தாழ்நிலங்களையும் சீர்செய்யும் பெருந்திட்டம் 2012இல் தொடங்கப்பட்டது என்பது வரலாறு.

அதற்குப் பின்னும், 2016 மே மாதத்தில் களனி பெருக்கெடுத்தபோது கொலொன்னாவை மக்கள் கூரைமேலும் பள்ளிக்கூடங்களிலும் இருந்தார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுத் தினத்தன்று, மீத்தொட்டமுல்லையில் மாநகரம் முழுவதும் பல ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் வீடுகளோடு புதைந்தார்கள். மீத்தொட்டமுல்லைக்கு வெகு தூரத்தில் இல்லாத தெமட்டகொடையிலேதான் ஒறியன் சிற்றி என்ற கணினிக் கொம்பனி வளாகம் இருக்கிறது. மருதானையில், பழைய புகையிரதப் பண்டகசாலைகளைப் புதுக்கி அமைத்த ட்ரேஸ் வளாகம் இருக்கிறது. இவ்வளாகங்களுக்குள் மின்சாரம் போனால் மறு நிமிஷம் ஜெனரேற்றர் முழங்குகிறது. குளிரூட்டிய காற்றுக்குக் காலமாற்றமே கிடையாது. உள்ளே இருப்பவனுக்கு வெளியே மழை பெய்வது கண்ணாடியில் ஓடும் கோடுகளால்தான் தெரியும். அங்கே நிலம் துடைக்கும் அம்மையாரோ, தேநீர் கொண்டுவரும் பையனோ மாலையில் எந்தத் தாழ்நிலத்துக்குத் திரும்பிப் போகிறார்கள் என்று கேட்டறிந்தால் அந்நகரத்தின் வாழ்வுத் தரத்தில் பாதி விளங்கிவிடும்.

கொழும்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. சியாட்டிலிலே, வீடற்றவர்கள் பெருகித் தெருவோரங்களிலும் மேம்பாலங்களின்கீழும் கூடாரமடித்துத் தூறலில் நனைந்து கிடந்தமையால், 2015 நவம்பரில் நகரபிதா அவசரநிலையே பிரகடனம் செய்ய நேர்ந்தது. உலகத்தின் பெருஞ்செல்வர் சிலர் வாழும் நகரம் அது! கணினித் தொழில் உயர்த்திய சம்பளம் வாடகையை உயர்த்தியது. உயர்ந்த வாடகை, அத்தொழிலில் இல்லாதவனை மழைக்குள் தள்ளியது. பெங்களூரின் கதை நமக்கு இன்னும் அண்மையானது. ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அடுத்த குளத்துக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று, நம்முடைய வன்னிக் குளங்களின் கோர்வையைப் போலவே ராஜகாலுவே எனப்படும் வாய்க்கால்களால் குளங்களைத் தொடுத்த ஊர் அது. குளங்கள் பஸ் நிலையங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. வாய்க்கால்களின்மேல் சுவர்கள் எழுந்தன. 2022 செப்ரெம்பரில் பெய்த மழையிலே, வெளிவட்டச் சாலையோரக் கணினி வளாகங்களுக்குச் செல்லும் வீதிகள் ஆறாயின; கோடிக்கணக்கில் விலைபோன மாளிகைகளுக்குள்ளும் நீர் நின்றது; மென்பொருள் வல்லுநர்கள் உழவு இயந்திரங்களில் ஏறி உத்தியோகத்துக்குப் போனார்கள். அதே நகரம் 2024ஆம் ஆண்டுக் கோடையில் குடிநீருக்குப் பவுசர் வண்டிகளை எதிர்பார்த்து நின்றது. நீரைத் தங்கவிடாத ஊருக்கு வெள்ளமும் தாகமும் ஒரே வாசலால் வருகின்றன.

இவ்வளவும் கேட்டபின், “ஆகையால் பிள்ளையை அனுப்பக்கூடாது என்கிறீர்களா?” என்று எவரேனும் எழுந்து கேட்கலாம். இல்லை ஐயா, அப்படிச் சொல்வதற்கு எனக்கு மனச்சாட்சி இடங்கொடாது. தராசின் மறுதட்டிலும் பாரம் உண்டு.

வெள்ளவத்தையிலே ஒரு பெண்பிள்ளை, இரவு எட்டு மணிக்கு வேலை முடித்து வந்து, கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி தனியே அறைக்கு நடந்து போகிறாள். “ஆற்றை பிள்ளை, இந்த நேரத்திலை எங்கை போட்டு வாறாய்?” என்று கேட்பார் எவருமில்லை. நாங்கள் பெருமையோடு ஊர்க்கட்டு என்று சொல்லிக்கொள்வது அவளுடைய முதுகிலே எவ்வளவு சுமையாக இருந்தது என்பதை அவள் அந்தக் குறுந்தெருவிலேதான் உணர்கிறாள். பெண்களைப் பொறுத்தவரையில் மாநகரத்தின் தட்டுத் தாழ்ந்தே நிற்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1942ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், தேசிய வைத்தியசாலையின் விசேட வைத்தியர்கள், சாதி விசாரியாமல் வேலை தரும் கொம்பனிகள் ஆகியவையும் அதே தட்டில் ஏறுகின்றன.

ஆனால் ஒரு கல்லைத் தராசிலிருந்து எடுத்துவிடச் சொல்லி எவரும் நம்மைக் கேட்கக்கூடாது. தமிழனுக்குக் கொழும்பு வாழ்வின் தரம் வெறும் வாடகையாலும் பஸ்ஸாலும் நிர்ணயிக்கப்பட்டதில்லை. தமிழர்மேல் நடந்த 1983 ஜூலை வன்செயலை இங்கே விவரிக்கப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் வீடுகளில் ஆள் உண்டு. 2007 ஜூன் 7ஆம் நாள் நடந்ததை மட்டும் நினைவூட்டுகிறேன். அன்று விடியற்காலையில் கொழும்பின் தங்குவிடுதிகளில் இருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர், வைத்தியத்துக்கு வந்தவரும், கடவுச்சீட்டுக்கு வந்தவரும், வேலை தேடி வந்தவரும், பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கொண்டுவந்து இறக்கப்பட்ட இடம் நமது வவுனியா. மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. பின்னர் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். தலைநகரில் தங்குவதற்கு ஒரு குடிமகன் காரணம் காட்ட வேண்டியிருந்த காலம் அது. அக்காலம் கழிந்துவிட்டது என்று சொல்லும் இளைஞர்களை நான் மறுக்கவில்லை. அவர்களுடைய தாய்மார் அடுக்களை வாசலில் நின்று கேட்கும் கேள்விக்கு அந்த பஸ்கள் ஒரு காரணம் என்பதையும் அவர்கள் மறுக்கலாகாது.

நமது தட்டையும் நேர்மையாக நிறுத்துவிடுவோம். ஆவணியிலே கிணறு வற்றினால் குடிநீருக்குக் குடத்தோடு நிற்கிறோம். நெஞ்சு வலிக்கிறவரை அம்புலன்சில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்பிவிட்டுப் பிரார்த்தனை செய்கிறோம். யுத்தத்துக்குப் பின் குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்கள் நுண்கடனின் வாரத் தவணைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்ட ஊர் நம்முடையது. மழை விஷயத்திலும் நாம் முற்றும் சுத்தவாளிகள் அல்லர். புனரமைக்கப்பட்ட இரணைமடு 2018 டிசெம்பர் தொடக்கத்தில் கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதே மாதம் மூன்றாம் வாரத்தில் பெய்த பெருமழையில் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது பன்னங்கண்டியும் முரசுமோட்டையும் கண்டாவளையும் நீரில் மூழ்கின. குளத்தின் பொறுப்பிலிருந்தோர்மேல் குற்றமா, வானத்தின்மேல் குற்றமா என்ற வாதம் அப்போது வெகுவாக நடந்தது. வாய்க்காலோரத்தையும் ஆற்றுப் படுகையையும் மறித்து நாமே எழுப்பிய மதில்களைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினித் தொழிலுக்கு நகரம் கட்டாயமில்லை என்பதை 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலம் காட்டிக்கொடுத்தது. கொழும்புக் கொம்பனிகளின் வேலையை வீட்டு விறாந்தையிலிருந்து செய்த பிள்ளைகள் அப்போது இங்கேயும் இருந்தார்கள். 2012 முதல் யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் என்ற அமைப்பு அத்தொழிலை வடக்கிலேயே வளர்க்க முயன்று வருகிறது. பொறியியற் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் நம் கண்ணெதிரே அறிவியல் நகரில் நிற்கின்றன. இன்றில்லாவிட்டால் நாளை, கொம்பனி ஒன்று கிளிநொச்சியில் மூன்று மாடி எழுப்பும். அதன் பின்னாலே வாடகை அறைகள் வரும், உணவகங்கள் வரும், நிலத்தின் விலை ஏறும். 1936ஆம் ஆண்டளவில் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய இவ்வூர் மெய்யாகவே நகரமாகும் நாள் அது. அந்நாளிலே கொழும்பு கொலொன்னாவைக்குச் செய்ததை நாம் பன்னங்கண்டிக்குச் செய்வோமா என்பதே, மகனை அனுப்புவதா வேண்டாமா என்பதைவிட என்னை அதிகம் வருத்தும் கேள்வி.

ஆகவே போகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல்: கொழும்பிலே அறை பார்க்கப் போகும்போது வெயில் நாளில் போகாதீர்கள், நல்ல மழை பெய்யும் மாலையில் பஸ்ஸில் போய், அந்த ஒழுங்கையில் நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்த பின்பு முற்பணம் கொடுங்கள். இருக்கிற பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்: நம் நகரத்துக்குள் ஓடும் வாய்க்கால், கழிவாறு, குளக்கட்டு, வெள்ளம் இறங்கும் தாழ்நிலம் எல்லாவற்றையும் குறித்த வரைபடம் ஒன்றைத் தயாரித்து, கட்டட அனுமதி கேட்டு வருகிறவர் எவரும் காணும்படி அலுவலகச் சுவரில் மாட்டிவைக்கும்படி கரைச்சிப் பிரதேச சபையை நாம் கேட்க வேண்டும். அடுத்த காலபோக மழைக்கு முன் அந்த மனுவில் இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் கையொப்பம் இட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.